கோவேறு கழுதையிலிருந்து விழுந்தவன்

எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு மிருகம் உண்டு. பெலிசாரியோவுக்கு அன்னப்பறவை. குளக்கரையில் விளையாடிக்கொண்டிருந்தவனை அது கொத்தக்கூடாத இடத்தில் கொத்திவிட்டதாம். ரோமாபுரியில் என்னோடு ராணி வேடம் கட்டியவனுக்குக் காட்டுப்பன்றி. குதிரையிலிருந்து விழுந்தவர்களை மட்டும் திரட்டினால் ஒரு குதிரைப்படையே தேறும்.

விஷயம் இதுதான். ஊரில் காளைக்குக் காயடிப்பார்களே, அதை நல்ல குரல் உள்ள சிறுவனுக்குச் செய்துவிட்டால் அவன் குரல் உடைவதில்லை. மார்பு ஆண்பிள்ளை மார்பாக அகலும், தொண்டைக்குள் சிறுவன் அப்படியே உட்கார்ந்திருப்பான். அப்படிப்பட்ட குரலைக் கோயிலும் கேட்கும், அரண்மனையும் கேட்கும், எங்கள் ஓபரா அரங்கும் கேட்கும். ஆனால் கத்தி வைத்தவனையும் வைக்கச் சொன்னவனையும் திருச்சபை விலக்கிவைக்கும். வெட்டுவது பாவம், வெட்டுப்பட்டவன் பூசையில் பாடுவது பாக்கியம். ஆகவே இத்தாலி முழுக்க யாரும் யாரையும் வெட்டுவதே இல்லை. பன்றி கடிக்கிறது, அன்னம் கொத்துகிறது, குதிரை தள்ளிவிடுகிறது. நன்றாகப் பாடும் பையன்கள் மேல் மட்டும் இந்த மிருகங்களுக்கு என்ன வன்மமோ!

வேடம் கட்டும் அறையில் முகத்துக்கு மாவு பூசிக்கொண்டே இந்தக் கதைகளைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். ஏனென்றால் என்னுடையது கோவேறு கழுதை, என்னுடையது நிஜம்.

"ஒனோஃப்ரியோ அண்ணே, எல்லாரோட மிருகமும் ஒரே மிருகம்தான். அதுக்கு ரெண்டு கால், தலையில தொப்பி, பேரு அப்பன்" என்பான் பெலிசாரியோ.

"உன் அப்பனைச் சொல்லு. என் அப்பா பேரை எடுத்தே, பல்லு இருக்காது."

"ஐயோ, கழுதை உதைக்குது!" என்று அவன் நாற்காலிக்குப் பின்னால் ஒளிவான். அறையே சிரிக்கும்.

சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். எனக்குத் தெரியும். நோர்ச்சியாவுக்கு மேலே மலையில் எங்கள் ஊர். அப்பா சாந்தே கூலிக்கு ஆடு மேய்த்தவர். பெத்தீனா என்று ஒரு பழுப்பு நிறக் கோவேறு கழுதை. அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தபோது மிரண்டு தள்ளிவிட்டது, வேலிக் கம்பின் மேல் விழுந்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி ஓடினார். எடுக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வாசலில் உட்கார்ந்து அப்பா அழுத அழுகை இருக்கிறதே! அதன் பிறகுதான் நேப்பிள்ஸ் இசைப்பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள், போனதுதான் போயிற்று, குரலாவது மிஞ்சட்டும் என்று.

மற்றவர்களை அவர்கள் அப்பன்மார் விற்றார்கள். என்னைக் கழுதை தள்ளிவிட்டது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தேன். மேடையில் தலையில் செருகும் தீக்கோழி இறகுகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கார்னிவல் திருவிழாப் பருவத்தில் வெனிஸில் எங்களுக்கு 'மான்லியோவின் ஆணை' என்று ஒரு ஓபரா. பழைய ரோமாபுரிக் கதை. தளபதி மான்லியோ, என் உத்தரவில்லாமல் அணியை விட்டு எவனும் வெளியே போகக்கூடாது, போனால் தலை போகும் என்று ஆணையிடுகிறான். எதிரித் தலைவன் வந்து கேலி செய்கிறான். மான்லியோவின் சொந்த மகன் தீத்தோ பொறுக்க மாட்டாமல் போய்ச் சண்டையிட்டு அவனைக் கொன்று, அவன் கவசத்தை அப்பன் காலடியில் கொண்டுவந்து போடுகிறான். ஜெயித்தது சரி, ஆணை ஆணைதான் என்று அப்பன் மகனுக்கு மரணதண்டனை கொடுக்கிறான். பழைய கதையில் மகனின் தலை உருளும். எங்கள் அரங்கில் உருளாது. கார்னிவலுக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு சாப்பிடப் போக வேண்டாமா? கடைசியில் படைவீரர்கள் ஓடிவந்து தடுப்பார்கள், அப்பனும் மகனும் தழுவுவார்கள், எல்லோரும் சேர்ந்து பாடித் திரை விழும்.

நான் தீத்தோ. மூன்றாம் அங்கத்தில், சங்கிலியோடு நின்று எனக்கு ஒரு பாட்டு. "என்னைத் தொட்டிலில் ஆட்டிய கை இது, இன்று என்னைக் கொல்லட்டும், முத்தமிடுகிறேன்" என்று பாடிக்கொண்டே மான்லியோவின் கையில் முத்தமிட வேண்டும். மான்லியோவாக வந்த ஜெர்வாசியோ பூண்டைப் பச்சையாகத் தின்பவன். அந்தக் கையில் முத்தமிட்டு உருக்கமாகப் பாடுவதற்கே எனக்குத் தனியாக விருது தர வேண்டும். ஆனால் பாடினேன். மாடங்களில் சீட்டாடிக்கொண்டிருந்த சீமாட்டிகள் சீட்டைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்கள். கீழே இலவசமாக நிற்கும் படகோட்டிகள்கூட வாயில் போட்ட ஆரஞ்சுச் சுளையை மெல்லாமல் நின்றார்கள்.

எப்படி அவ்வளவு நன்றாக வந்தது என்றால், எனக்கு அப்பா மேல் மன்னிக்க எதுவுமே இல்லை. பெலிசாரியோவால் அதை அப்படிப் பாட முடியாது, பாவம், அவனுக்கு வலிக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பரிதாபம் என்று பெயர். உள்ளே இருந்தது கர்வம்.

அப்பாவை அந்தப் பருவத்தில்தான் முதல்முறையாக வெனிஸுக்கு வரவழைத்தேன். மேடைக்குப் பக்கத்திலேயே இருந்த மாடத்தில் அவரை உட்காரவைத்தேன். என் வெல்வெட் மேலங்கி அவருக்குக் கணுக்கால் வரை தொங்கியது. கத்தி பட்ட நாங்கள் பனைமரமாக வளர்ந்துவிடுவோம், அவர் குள்ளம். முதல் நாள் நான் ஜெர்வாசியோவின் கையில் முத்தமிட்டபோது அப்பா மேலங்கிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். இதற்காகத்தானே இத்தனை வருஷம் பாடினேன் என்றிருந்தது.

மறுநாள் மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு. ஜெர்வாசியோவைக் கூப்பிட்டிருந்தேன். பெலிசாரியோ கூப்பிடாமலேயே வந்தான். சோளக் களி, வெங்காயமும் புளிக்காடியும் போட்டு ஊறவைத்த மத்தி மீன், சர்க்கரை தூவிய கார்னிவல் பணியாரம். அப்பா சந்தோஷமாக இருந்தார். மதுவைத் தண்ணீர் மாதிரி குடித்தார்.

"பெரியவரே, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தான் பெலிசாரியோ. "எங்க எல்லாருக்கும் மிருகம் பொய். உங்க மகனுக்கு மட்டும் நிஜமாம். சொல்லிச் சொல்லி எங்க காதே தேஞ்சுபோச்சு. அந்தக் கழுதையை அப்புறம் என்ன பண்ணீங்க? தோலை உரிச்சீங்களா, இல்ல கும்பிட்டு மாலை போட்டீங்களா?"

"எந்தக் கழுதை தம்பி?"

"அதான், அண்ணனைத் தள்ளிவிட்டுச்சே. கோவேறு கழுதை."

அப்பா சிரித்தார். வாய் நிறைய களி. "எங்களுக்கு ஏதுப்பா கோவேறு கழுதை? கழுதை வாங்குற வக்கு இருந்திருந்தா இவனை எதுக்கு நான்..."

அந்த நேரம் சமையல்காரி மீன் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "அடடே, மத்தி நல்லா ஊறியிருக்கே" என்று அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாக்கியத்தை முடிக்கவில்லை. பயந்து நிறுத்தினார் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மீன் வந்ததால் நிறுத்தினார்.

ஜெர்வாசியோ தன் கோப்பைக்குள் பார்த்தான். பெலிசாரியோவின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்துபோயிற்று. எப்போதும் என்னைச் சீண்டுகிறவன், அன்றைக்கு அவன்தான் ஓடிவந்து முட்டுக்கொடுத்தான்.

"அட, அது இரவல் கழுதையா இருக்கும் அண்ணே. பக்கத்து வீட்டுக் கழுதை. இல்லையா பெரியவரே? வயசாச்சுல்ல, மறந்திருக்கும்."

"இருக்கும், இருக்கும்" என்றார் அப்பா, முள்ளை எடுத்துக்கொண்டே.

சாப்பிட்டு முடித்து அவர் என் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் ஞாபகத்தைப் புரட்டினேன். வைக்கோல் வாசனை ஞாபகம் இருக்கிறது. வெந்நீர் நிரப்பிய தொட்டி ஞாபகம் இருக்கிறது. தேன் கலந்த ஒரு கசப்பு மருந்து. தொட்டியில் உட்கார்ந்து நான் கையால் தண்ணீரை அடித்து விளையாடினேன். அடிபட்ட பிள்ளை அப்படி விளையாடுவானா? அதுவரை எனக்கு எங்கேயும் வலிக்கவே இல்லை. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. கழுதையிலிருந்து விழுந்ததை நான் தேடித் தேடிப் பார்த்தேன். அது எங்கேயும் இல்லை. "கழுதையிலேர்ந்து விழுந்துட்டேடா" என்று கட்டிலருகே அப்பா சொன்ன குரல் மட்டும்தான் இருந்தது. பழுப்பு நிறம், பெத்தீனா என்ற பெயர், வேலிக் கம்பு, மலையிறங்கிய ஓட்டம், எல்லாம் நேப்பிள்ஸ் பள்ளியின் குளிர்ந்த படுக்கையில் நானாகச் சேர்த்துக்கொண்டவை. இல்லாத ஒரு கழுதைக்கு எதுவும் ஆகக்கூடாது என்று அந்தப் படுக்கையில் மாதாவிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

விற்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். மலைச் சனங்களின் பசி எனக்குத் தெரியாததா? ஆனால் என்னிடம் சொன்ன பொய்யை அவர் ஞாபகம்கூட வைத்துக்கொள்ளவில்லை. நான் உயிர் மாதிரிக் காப்பாற்றியதை அவர் எங்கேயோ போட்டுவிட்டுப் போய்விட்டார். அதுதான் தாங்கவில்லை.

எழுப்பிக் கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம்டா, நான்தான், பசிடா என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும், காலில் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. அந்த வார்த்தையை எப்படி வரவழைப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் ஒவ்வொருவரும் பயணப் பெட்டியில் நாலைந்து பாட்டு வைத்திருப்போம். பெட்டிப் பாட்டு என்றே பெயர். எந்த ஊரில் எந்த ஓபராவில் கொடுத்த பாட்டு பிடிக்கவில்லையோ, அதைத் தூக்கிவிட்டுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நுழைத்துவிடுவோம். கதைக்குப் பொருந்துகிறதா என்று எவனும் கேட்க மாட்டான். என் பெட்டியில் ஒரு கோபப் பாட்டு இருந்தது. துரோகம் செய்த ராஜாவைப் பார்த்து ஒருவன் பாடுவது.

வாத்தியக்காரர்களுக்கான ஏடுகளோடு போய் இசையமைப்பாளர் லாத்தான்சியோ முன்னால் நின்றேன்.

"இன்னைக்கு மூணாம் அங்கத்துல முத்தப் பாட்டு கிடையாது. இதைத்தான் பாடுவேன்."

அவர் படித்துப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஐயா, தீத்தோ நல்ல பிள்ளை. அப்பனை மன்னிக்கிறவன். இதைப் பாடினா கதை என்னத்துக்கு ஆகும்? நேத்துக்கூட ஊரே அழுதுச்சே!"

"நேத்து நான் வேற ஆளு."

தலைமைப் பாடகன் பிடிவாதம் பிடித்தால் அரங்கில் தெய்வம்கூட வழிவிட வேண்டும். அவர் பெருமூச்சு விட்டு வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு இரண்டாம் அங்கம் முடிந்த இடைவேளையில் மேடையோரத்திலிருந்து பார்த்தேன். பெலிசாரியோ வேடத்தோடு அப்பாவின் மாடத்தில் குனிந்து அவர் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். ஓசி மதுவுக்கு அலைகிறான் என்று நினைத்தேன்.

மூன்றாம் அங்கம். சங்கிலியோடு வந்தேன். ஜெர்வாசியோ வழக்கம்போல முத்தத்துக்குக் கையை நீட்டினான். நான் அவனைக் கண்டுகொள்ளாமல் மேடையின் விளிம்புக்கு வந்து, அப்பாவின் மாடத்துக்கு நேர் எதிரே நின்றேன். அவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. பாட ஆரம்பித்தேன்.

"உன் கையை நம்பித்தான் தூங்கினேன். அந்தக் கைதான் கத்தியைத் தேடிப் போனது. சொல், என்னிடம் என்ன பிழை கண்டாய்? சொல், என்னை என்னவாகச் செய்தாய்?"

எங்கள் பாட்டுகளில் முதல் பகுதி திரும்ப வரும். திரும்ப வரும்போது நகாசு வேலையெல்லாம் செய்து, ஒவ்வொரு எழுத்தையும் பத்து மடங்காக விரித்துக் காட்ட வேண்டும். அன்று நான் 'சொல்' என்பதை எடுத்துக்கொண்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன், மூச்சு தீரும் வரை மேலே கொண்டுபோய் நிறுத்திக் காத்திருந்தேன். வாழ்க்கையில் அப்படி நான் பாடியதில்லை. அரங்கில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. அப்பா துள்ளி எழுந்தார். முழு அரங்கிலும் முதல் குரல் அவருடையதுதான்.

"இன்னொரு தடவை! என் மகன்! என் மகன்தான்! இன்னொரு தடவை பாடுறா!"

அதற்குள் அரங்கமே பிடித்துக்கொண்டது. மாடங்களிலிருந்து பூ விழுந்தது, யாரோ புறாவைப் பறக்கவிட்டார்கள். பாடாமல் போக விடுவார்களா? இரண்டாம் முறையும் அவர் முகத்தைப் பார்த்தே பாடினேன். அப்பா கைப்பிடிச் சுவரில் தாளம் போட்டார்.

கடைசிக் காட்சியில் படைவீரர்கள் ஓடிவந்து என்னைக் காப்பாற்றினார்கள். நான் மண்டியிட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். "யோவ், குனியுய்யா" என்று பல்லுக்குள் முனகிய ஜெர்வாசியோ, வேறு வழியில்லாமல் தானே வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

வேடம் கலைக்கும் அறைக்கு அப்பா வந்தார். முகமெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்திருந்தார். மூலையில் பெலிசாரியோ முகத்து மாவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அடேயப்பா, என்ன பாட்டுடா ஒனோஃப்ரியோ! நேத்துப் பாடினதெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு."

"யாரைப் பாத்துப் பாடினேன்னு தெரிஞ்சுதாப்பா?"

"ஏன் தெரியாது? என்னையப் பாத்துத்தானே! பக்கத்து மாடத்து சீமாட்டிகூட, பெரியவரே உங்க மகன் உங்க மேலேர்ந்து கண்ணையே எடுக்கலையேன்னு சொல்லிச்சு."

"என்ன பாடினேன்?"

"அந்தப் பாவி மான்லியோவைத்தானே திட்டினே? நல்லாத் திட்டினே. அவனுக்கு வேணும். பெத்த புள்ளையைப் போய் எவனாவது கத்திக்குக் குடுப்பானா? அவனெல்லாம் ஒரு அப்பனா?"

அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. அதில் நடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். மேடையில் வாழ்கிறவன் நான், நடிப்பு எனக்குத் தெரியும். துளிகூட இல்லை.

திடீரென்று அப்பாவுக்கு என்னவோ ஞாபகம் வந்தது. நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"ஆங், மறந்தே போயிட்டேன். மத்தியானம் கழுதைன்னு கேட்டீங்கல்ல? யோசிச்சுப் பாத்தேன்டா. இருந்துச்சு. நம்மகிட்ட ஒரு கோவேறு கழுதை இருந்துச்சு. அதுதான் உன்னைத் தள்ளிவிட்டுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. வெள்ளைக் கழுதை."

"பழுப்பு" என்றேன்.

"ஆமா, பழுப்பு. பழுப்புதான். வெயில்ல வெள்ளையாத் தெரியும்."

"அதுக்கு ஒரு பேர் இருந்துதேப்பா. என்ன பேரு?"

  அப்பா மெதுவாகத் திரும்பி மூலையில் இருந்த பெலிசாரியோவைப் பார்த்தார். பாடம் மறந்த பிள்ளை பக்கத்துப் பையனைப் பார்ப்பானே, அப்படி. பெலிசாரியோ கையிலிருந்த துணியால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டான்.

நான் எழுந்து அப்பாவின் மேலங்கிப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். வெளியே பனி. படகு வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் அந்தப் பாட்டை முனகிக்கொண்டே வந்தார்.

மறுநாளும் எனக்கு மேடை இருந்தது. வேடம் கட்டும் அறையில் புதிதாக வந்து சேர்ந்த எங்கள் ஆள் ஒருவன், தன்னைக் கடித்த பன்றியைப் பற்றிச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, உங்களுக்கு என்ன மிருகம்?"

 அவன் பல் உடையப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கோவேறு கழுதை" என்றேன். "வெள்ளைக் கழுதை. வெயில்ல பழுப்பாத் தெரியும்."

ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்தன. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பெலிசாரியோ மட்டும் சிரிக்கவில்லை.